தாழைத் தொடும்வரை

கூண்டு வந்த அன்றும் தைப்பிங்கில் மழைதான்.

மலேசியாவின் அந்த ஊரில் மழைக்கு யாரும் தலை தூக்கிப் பார்ப்பதில்லை. மதியச் சோறு ஆறுவதற்குள் மலையிலிருந்து கறுத்து இறங்கும். ஓய்ந்த பிறகும் கூரைகள் வெகுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும். துமினா அந்த வீட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்து, கார் நிறுத்தும் கூரைக்கு அடியில் கொடி கட்டித்தான் துணி போடுகிறாள். பாதி காய்ந்ததும் எடுத்து மீதி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் போக்குவாள். வீட்டு முதலாளியான தவுக்கேயின் சட்டைகளில் எப்போதும் லேசாக ஒரு ஈர வாடை இருக்கும். புது வேலைக்காக அவர் குடும்பத்துக்கு முன்னதாக மெல்பர்னுக்குப் போன பிறகு அந்தச் சட்டைகளும் இல்லை. கொடியில் இடம் மிஞ்சிவிட்டது.

லோரியிலிருந்து இரண்டு பேர் கூண்டை இறக்கிக் கொடிக்கு அடியில் வைத்தார்கள். சாம்பல் நிற பிளாஸ்டிக். பக்கங்களில் காற்று ஓட்டைகள், முன்னால் கம்பிக் கதவு, அதில் இழுத்துத் தள்ளும் தாழ். உள்ளே நாய் நின்றால் தலை இடிக்கக் கூடாது, சுற்றித் திரும்ப இடம் வேண்டும் என்று விமானக் கம்பெனி சொல்லியிருந்த அளவு. கிச்சாப் ஒரே ஒரு முறை குரைத்துவிட்டுத் துமினாவின் கால்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சோயாச் சாறு மாதிரிக் கறுப்பாக இருந்ததால் அந்த வீட்டுச் சிறுமி ஸின்யி வைத்த பெயர் அது.

"பயப்படுறான் பாரு," என்றாள் தவுக்கேயின் மனைவி மே ஃபோங். பாலர் பள்ளி வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். குடையை இன்னும் மடக்கவில்லை.

"புதுசுல்ல மேம். வாடை பிடிக்கல போல."

"பிடிச்சாகணும். உள்ள இருந்து கத்தினாலோ கம்பியக் கடிச்சாலோ ஏத்த மாட்டாங்களாம். அங்கயே திருப்பி அனுப்பிடுவாங்க. நான் சொன்னா இவன் கேக்க மாட்டான். நீதான் பழக்கணும்."

"பழகலன்னா மேம்?"

மே ஃபோங் குடையை உதறினாள். "யாருகிட்டயாவது விடணும். பெரியப்பா தோட்டத்துக்குக் கேட்டிருக்காரு."

பத்து குரா என்ற ஊரில் தவுக்கேயின் பெரியப்பாவுக்கு டுரியான் தோட்டம் இருந்தது. பழக்காலத்தில் துமினா ஒரு முறை அவர்களோடு போயிருக்கிறாள். குரங்கு விரட்ட அங்கே மரத்துக்கு ஒன்றாகச் சங்கிலியில் நாய்கள். சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் புல் முளைக்காமல் மண் இறுகிக் கிடந்தது. அவள் கோழி எலும்பை நீட்டியபோது ஒரு நாய் எலும்பை விட்டுவிட்டு அவள் கையை நக்கியது.

கிச்சாப்பைக் கண்டெடுத்தவளும் துமினாதான். நான்கு வருடத்துக்கு முன்னால், சந்தைக்குப் போய் வந்த வழியில், மழைநீர் ஓடும் சாக்கடையின் படியில் ஒண்டிக்கிடந்தது. காய்கறிப் பையில் போட்டு எடுத்து வந்தாள். ஸின்யிக்கு நாலு வயது. அவள் அழுத அழுகையில் தவுக்கே சரி என்றார். வீட்டில் எல்லோரும் அதோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். பகல் முழுக்க அதோடு இருந்தவள் துமினா. அவள் தன் ஊர்ப் பேச்சில் பேசினாள். அதனால் ஜாவாச் சொற்கள்தான் அதன் காதில் ஏறின. 'ரெனே' என்றால் வரும். 'ம்லெபு' என்றால் உள்ளே போகும். இடி இடிக்கும்போது அடுக்களைக்குள் அனுப்ப அவள் சொல்கிற சொல் அது.

நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீரால். ஜாவாவில், கெபுமென்னில், சிறுமியாக ஓதப் போன காலத்தில் மனப்பாடம் செய்தது. அவர்கள் கிராமத்தில் நாயே கிடையாது. எதற்கென்று தெரியாமல் மனப்பாடம் செய்தது இந்த வீட்டில் வந்து உதவியது. ரம்புத்தான் மரத்தடி மண்ணைச் சலித்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பின்குழாய் அருகே வைத்திருந்தாள். ஒவ்வொரு தொழுகைக்கு முன்னும் டின்னைத் திறந்து, ஒரு பிடி மண்ணை வாளியில் கரைத்துக் கையையும் காலையும் கழுவி, பிறகு ஆறு முறை நல்ல தண்ணீர் விடுவாள். அதன் பிறகுதான் தொழுகைக்குரிய கழுவலான ஒளுவைச் செய்வாள்.

டின் மூடி திறக்கும் சத்தம் கேட்டதும் கிச்சாப் விலகிப் போய், பின்வாசல் படியின் ஓரத்தில் முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். இனி அவளைத் தொடக் கூடாது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் தன் அறைக்குள் போவாள். தொழுது, வலப்பக்கம் ஒரு சலாம், இடப்பக்கம் ஒரு சலாம் சொல்லி முடித்து, பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே வருவாள். அவளைக் கண்ட பிறகுதான் அது தலையைத் தூக்கும்.

கூண்டுக்குள் மட்டும் அது போகவில்லை. கோழி ஈரலை வேகவைத்துக் கடைசி மூலையில் வைத்தாள். கழுத்தை நீட்டி, உடம்பை இழுத்து, ஈரலை எடுத்துக்கொண்டது. பின்னங்கால்கள் வாசலை விட்டு நகரவில்லை. ஸின்யி உள்ளே தவழ்ந்து போய்ப் புத்தகம் படித்துக் காட்டினாள். அது வெளியே படுத்துக் கேட்டது.

"அதுக்கு நீ சீட்டுப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நெனைக்குது," என்றாள் துமினா. "வெளிய வா. முதுகு பிடிச்சுக்கும்."

"அக்கா, இவன் ஏறலன்னா நானும் ஏற மாட்டேன்."

"உன்னைத் தூக்கிப் போட்டுருவாங்க. உனக்குக் கூண்டு கெடையாது."

ஸின்யி சிரிக்கவில்லை. எட்டு வயதுக்கு அவள் சிரிப்பது குறைவுதான்.

தெரு முனையில் தெய்வானை காலை வேளையில் நாசி லெமாக்கும் பீகூன் சேமியாவும் விற்றாள். பெரிய குடை ஒன்று, மடிக்கும் மேசை ஒன்று, அவ்வளவுதான் கடை. தேங்காய்ப்பால் சோற்றை இலையில் வைத்து, மேலே சம்பல், நெத்திலி, அரை முட்டை வைத்துக் கூம்பாக மடிப்பாள். பேசுகிற வேகத்துக்குக் கை ஓடும். துமினாவும் அவளும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். இருவருக்கும் அது சொந்தப் பேச்சில்லை என்பதால் தடையில்லாமல் வரும்.

"என்ன புள்ள, உங்க வீட்டு ராசா ரதத்துல ஏறிட்டாரா?"

"எங்கக்கா. தலைய மட்டும் உள்ள விடுறான்."

"புத்திசாலிலா. மனுசங்கதான் ஏறுன்னு சொன்ன எடத்துல எல்லாம் ஏறிப் போறோம். நீ கப்பல் ஏறுன. என் மகன் சிங்கப்பூர் பஸ்ஸு ஏறுனான். நாய் யோசிக்குது பாரு." ஒரு பொட்டலத்தை மடித்துத் தள்ளினாள். "இவங்க போனப்புறம் உனக்கு எங்க?"

"இதே ஊர்ல, அசாம் கும்பாங்ல. வயசான வாத்தியாரு ஒரு சிகுவும் அவர் சம்சாரமும். ஏஜெண்டு பெர்மிட்ட மாத்தித் தரேன்னிருக்கான். தொழுகிற வீடு. நாய் ஆகாது."

"அங்க ஆகாது. எனக்கு ஆகும்ல?" தெய்வானை கரண்டியை நிறுத்தினாள். "அதை எங்கிட்ட விட்டுடு. சந்தைக்குப் போற வழிதானே. காலையில ஒருதடவ பாத்துக்க, நாலு வார்த்தை பேசிட்டுப் போ. நான் என்ன சங்கிலியிலயா கட்டப்போறேன்?"

"ஸின்யி விட மாட்டா."

"கூட்டிட்டுப் போகட்டும், யாரு வேணாங்கிறா? ஏறாத நாய யாரு ஏத்த முடியும்? நீ சும்மா இரு, போதும். ஒண்ணும் பண்ணாத. ஒண்ணும் பண்ணாம இருக்கிறது பாவத்துல சேராது. தோட்டத்துக்குன்னு பேச்சு வந்தா நானே மே ஃபோங்கிட்ட வந்து கேக்குறேன். எனக்குக் குடுக்க மாட்டாளா? எத்தன வருசமா என் சம்பலத் திங்கிறா."

"உங்க பழைய நாய நகராட்சி லோரிக்காரன் புடிச்சிட்டுப் போனான்ல?"

"அது பொம்பள தேடி ஓடுன பய. உன் ஆளு அப்படியா? உன் பாவாடைய விட்டு நகருதா?"

சோற்றுப் பொட்டலத்தின் சூடு கையில் இருந்தது. சும்மா இரு என்ற சொல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டுதான் துமினா வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருந்தாள். ஈரலைக் கூண்டின் வாசலிலேயே வைத்தாள். கேட்டால், பழகிக்கிட்டிருக்கான் மேம் என்றாள். மே ஃபோங்குக்கு வீட்டுச் சாமான்களை விற்கவே நேரம் போதவில்லை. சோபாவை ஒருவர் வந்து எடுத்துப் போனார். சாப்பாட்டு மேசை போன இடத்தில் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. துமினா துடைக்க வேண்டிய பொருள்கள் குறையக் குறைய, துடைக்க வேண்டிய தரை கூடியது. கிச்சாப் அவள் பின்னாலேயே ஈரத் தரையில் கால்தடம் வைத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு காலையும் தெய்வானையின் குடையைத் தாண்டும்போது, இங்கே இந்த மேசைக்காலடியில் அது படுத்திருக்கும் என்று பார்த்துக்கொண்டாள். அந்த நாட்களில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு நாள் மழை பலமாக அடித்து, கார்க் கூரையின் தகரக் குழாய் பிய்ந்துகொண்டது. தண்ணீர் நேராகக் கூண்டின் மேல் விழுந்தது. துமினா கூண்டைத் தள்ளிக்கொண்டு போய், நனையாத ஒரே இடமான பின்வாசல் படியோரத்தில் வைத்தாள். கதவு திறந்தே கிடந்தது. துணிகளை உள்ளே எடுத்து, தரையைக் கூட்டித் தள்ளி முடிப்பதற்குள் சாயங்கால அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பிஸ்கட் டின்னைத் திறந்தாள்.

சத்தம் கேட்டுக் கிச்சாப் வழக்கம்போல் விலகியது. படியோரத்துக்கு வந்து பார்த்தது. அதன் இடத்தில் கூண்டு இருந்தது. அது அவளைத் திரும்பிப் பார்த்தது.

"ம்லெபு," என்றாள் துமினா. கை நிறையச் சேற்றுத் தண்ணீர். யோசித்துச் சொன்ன சொல் இல்லை.

அது உள்ளே போனது. ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே பார்த்தபடி, முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துப் படுத்தது.

டியூஷன் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஸின்யி அதைப் பார்த்துவிட்டாள். சைக்கிளைக் கீழே போட்டாள். கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு துமினாவைப் பார்த்தாள். பிறகு முகம் கோண, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். அத்தனை நாளும் அந்தக் குழந்தை எதை அடக்கி வைத்திருந்தது என்று துமினாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீதான் பழக்கினியா அக்கா?"

துமினா வாளித் தண்ணீரைப் பார்த்தாள். மண் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. "ம்," என்றாள்.

அன்று தொழுகையில் எத்தனையாவது சுற்று, எத்தனையாவது ரக்அத் என்பது இரண்டு முறை மறந்துபோனது. முடித்து வெளியே வந்தபோது கூண்டுக் கதவு திறந்தபடியேதான் இருந்தது. நாய் வெளியே வரவில்லை. அவள் குனிந்து தாழில் கை வைத்ததும் எழுந்து வந்தது.

அதன் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. தொழுகைக்குத் தொழுகை, டின்னைத் திறந்து, ம்லெபு என்றாள். முதலில் கதவைத் திறந்து வைத்தாள். பிறகு சாத்தினாள். பிறகு தாழைத் தள்ளினாள். தொழுது வந்து தாழைத் தொட்டால்தான் வெளியே வரலாம் என்று அது தானாகவே வைத்துக்கொண்ட கணக்கை அவள் கெடுக்கவில்லை. இரவுத் தொழுகையான இஷா முடிந்ததும் பாயிலேயே உட்கார்ந்து ஓதி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். அது சத்தம் போடவில்லை. மே ஃபோங் போனில் படமெடுத்து மெல்பர்னுக்கு அனுப்பினாள். நம்மளவிட ஒழுங்கா இருக்கான் என்று தவுக்கே பதில் போட்டிருந்தார்.

மாதத்தில் தொழக் கூடாத நாட்கள் வந்தன. பழக்கம் விட்டுப்போய்விடுமே என்று முதல் நாள் காலை முழுக்க யோசித்தாள். மதியத் தொழுகையான லுஹர் நேரம் வந்தபோது டின்னைத் திறந்தாள். ஏழு முறை கழுவினாள். நாய் உள்ளே போனது. தாழைத் தள்ளிவிட்டுத் தன் அறைக்குப் போய், கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். பாயை விரிக்கவில்லை. சுவரில் ஒரு பல்லி போவதைப் பார்த்தாள். தொழுது முடிக்கிற நேரம் ஆனதும் எழுந்து வந்து தாழைத் தொட்டாள். நாய் வாலை ஆட்டி வெளியே வந்து, அவள் தொழுதுவிட்டு வந்தவள்தான் என்பதுபோல் அவளைச் சுற்றியது. துமினாவுக்கு முகம் சுட்டது.

தெய்வானைக்குச் சேதி போயிருந்தது. அவள் பொட்டலத்தை மடித்துக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

"தொழுகையக் காட்டி ஏத்திட்டியாமே?"

"அதுவா நடந்துச்சுக்கா."

"முதல் நாள் அதுவா நடந்துச்சு. அப்புறம்?"

துமினா சில்லறையை எண்ணி மேசையில் வைத்தாள்.

"அந்த வாயில்லாத சீவன் உன் சாமிய நம்பிப் படுத்திருக்கு, புள்ள. இவ உள்ள போனா வருவான்னு. நாளைக்கி ஏரோப்ளேன்லயும் அப்படித்தான் படுத்திருக்கும்."

"கத்தாம போகும்ல அக்கா. பயப்படாம போகும்ல."

"போகும், போகும். போறதுல என்ன. நீயும்தான் கத்தாம வந்த." தெய்வானை பொட்டலத்தைக் கொடுத்தாள். கூட ஒரு வேகவைத்த முட்டையை வைத்து, "அதுக்குப் போடு," என்றாள்.

ஊசிகள் போட்டார்கள். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். தோலுக்கடியில் அரிசி அளவு எண் ஒன்றை ஏற்றினார்கள். அதற்கெல்லாம் துமினாதான் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும் வாரத்தில் தவுக்கே போனில், தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பினால் என்ன என்று கேட்டார். கால்நடை டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். மேலே போகும்போது மூச்சு முட்டிவிடுமாம்.

"நல்லதுதான் மேம்," என்றாள் துமினா. பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "தூங்கும்போது விட்டுட்டுப் போகக் கூடாது."

"ஏன்?"

"எங்க ஊர்ல ஏஜெண்டு வேன் விடியறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. மக தூங்கிட்டிருந்தா. எழுப்பினா அழுவா, விடுன்னாங்க எங்கம்மா. விட்டுட்டு வந்தேன். அப்புறம் ரொம்ப நாளைக்கு அவ தூங்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சாளாம்."

மே ஃபோங் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். அது ஏற்கெனவே மடித்த சட்டை. "இப்போ எப்படி இருக்கா?"

"பெரிய பொண்ணாயிட்டா. போன்ல நல்லாத்தான் பேசுறா. எங்கம்மாவத்தான் அம்மாங்கிறா." பெட்டி மூடியை அழுத்தினாள். "இவன் முழிச்சிட்டே போகட்டும்."

சீனப் புத்தாண்டு முடிந்த கையோடு அந்த நாள் வந்தது. நாயை ஏற்றும் வேன் முற்பகலில் வந்து நின்றது. எந்தத் தொழுகைக்கும் உரிய நேரமில்லை அது. சுபுஹு எப்போதோ முடிந்திருந்தது. லுஹருக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. மழையும் அன்று முன்னதாகவே தூறிக்கொண்டிருந்தது.

கூண்டு கார்க் கூரைக்கடியில் இருந்தது. அடியில் துமினாவின் பழைய சாரோங் ஒன்றை விரித்திருந்தார்கள். வேன்காரன் தண்ணீர்க் குப்பியைக் கம்பியில் மாட்டினான். ஸின்யி நாயின் தலையை வருடக் கையை நீட்டினாள். ஆள்களையும் பெட்டிகளையும் பார்த்துக் கிச்சாப் மிரண்டுபோய் வேலியோரம் நின்றது. ஸின்யி ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். மே ஃபோங் வாரைப் பிடித்து இழுத்தாள். கால்களை ஊன்றிக்கொண்டது. தொண்டைக்குள் ஒரு முனகல் எழுந்தது.

"மேடம், இப்படி இருந்தா ஏர்போர்ட்ல சிரமம்," என்றான் வேன்காரன்.

மே ஃபோங் துமினாவைப் பார்த்தாள். ஸின்யியும் பார்த்தாள். தெரு முனையில் தெய்வானை குடையைச் சாய்த்துவிட்டு எழுந்து நிற்பதும் தெரிந்தது. இப்போது சும்மா இருந்தால் போதும் என்று துமினாவுக்குத் தெரிந்தது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நாய் இந்த ஊரிலேயே, இந்தத் தெருவிலேயே இருந்துவிடும்.

ஸின்யி அழவில்லை. அம்மாவின் கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள். துமினா பின்குழாய்க்குப் போனாள். பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, எல்லோரும் பார்க்க, கார்க் கூரைக்கடியில் உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

கிச்சாப்பின் முனகல் நின்றது. அது அவளைப் பார்த்தது.

அவள் மண்ணைக் கரைத்தாள். கையைக் கழுவினாள். காலைக் கழுவினாள். நல்ல தண்ணீர் ஆறு முறை விட்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. வேன்காரன் ஏதோ கேட்க வாயெடுத்து, மே ஃபோங்கின் முகத்தைப் பார்த்து அடங்கினான். ஏழாவது தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டும்போது துமினா மெதுவாக, "ம்லெபு," என்றாள்.

அது தலையைத் தாழ்த்திக்கொண்டு ஆள்களுக்கு நடுவே நடந்து போனது. கூண்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. முன்னங்கால்களின் மேல் தலையை வைத்தது.

துமினா கதவைச் சாத்தித் தாழைத் தள்ளினாள். ஈரக் கையை அதன் மூக்குக்கு நீட்டவில்லை. நீட்டினால் அதற்குக் குழப்பமாகிவிடும். வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் நடந்து அறைக்குள் போனாள். பாயைச் சுருட்டி ஏற்கெனவே பெட்டியில் வைத்தாயிற்று. வெறும் தரையில் உட்கார்ந்தாள். கூண்டைத் தூக்குகிற சத்தம், வேனின் கதவு, ஸின்யி என்னவோ சொல்வது, எஞ்சின் எல்லாம் கேட்டன. நாயின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் வேண்டியிருந்தது. இப்போது அது கேட்காமல் இருந்ததைத் தாங்க முடியவில்லை.

வெளியே வந்தபோது தூறல் வலுத்திருந்தது. கார்க் கூரைக்கடியில் எங்கும் ஈரம். கூண்டு இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாகக் காய்ந்திருந்தது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாரல் அதன் ஓரங்களை நனைத்தது.

அசாம் கும்பாங் வீட்டில் வேலை அதிகமில்லை. சிகுவின் மனைவிக்கு முழங்கால் வலி. துமினா எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். மீன் அசாம் புளிக்குழம்பு அவளுக்குக் கைவந்ததென்று சிகு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார். நல்ல மனிதர்கள். தொழுகைக்கு முன் இப்போது வெறுமனே ஒளு செய்தால் போதும். முதல் சில நாள் கை தானாகக் குழாய்க்கடியில் துழாவியது. பிஸ்கட் டின்னை ஏன் பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அறை ஜன்னலில் வைத்திருந்தாள். உள்ளே மண் காய்ந்து வெளிறிவிட்டது.

காலையில் தெய்வானை நாயைப் பற்றிக் கேட்பதில்லை. ஒரு முறை மட்டும், "சேதி ஏதும் வந்துச்சா?" என்றாள். இல்லையென்று துமினா தலையாட்டியதும் அவித்த முட்டையைப் பொட்டலத்துக்குள் வைத்து, "நீ தின்னு," என்றாள்.

மே ஃபோங் கூப்பிட்டது ஒரு சாயங்காலம். மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்துப் பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். போனின் சின்னக் கண்ணாடியில் மே ஃபோங் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். அங்கே வெளியே இருட்டிவிட்டிருந்தது.

"எப்படி இருக்க துமினா? புது வீடு பரவால்லயா?"

"நல்லா இருக்கேன் மேம். கிச்சாப் வந்துட்டானா? வெளிய விட்டுட்டாங்களா?"

"எப்பவோ விட்டுட்டாங்க. நோய் இருக்கான்னு பாக்க அடைச்சு வச்ச கொட்டடியில எல்லாரும் ஆச்சரியப்பட்டாங்களாம். எந்த நாயும் இவ்வளவு அமைதியா இருந்து பாத்ததில்லன்னு எழுதியே குடுத்தாங்க. சாப்பாடுதான் கம்மி. குளிருல்ல. அப்புறம் ஒண்ணு கேளேன். வீடு பூரா இடம் இருக்கு, சோபாவுல படுக்கவிட்டாலும் படுக்கல. தானாப் போயிக் கூண்டுக்குள்ள படுத்துக்கிறான். ஒரு நாளைக்கு நாலு தடவ, அஞ்சு தடவ. அதுதான் அவன் வீடுன்னு வச்சிருக்கான் போல. அவர் பாத்துட்டு, பாவம்னு கதவையே கழட்டிட்டார். இஷ்டத்துக்குப் போகட்டும் வரட்டும்னு."

துமினா போனை இரண்டு கையாலும் பிடித்தாள். "காட்டுங்க மேம்."

படம் ஆடியது. மரத் தரை, ஒரு கணப்பு, சின்னக் காலுறைகள். பிறகு கூண்டு. கதவில்லாத வாசலுக்குள், அவள் சாரோங்கின் மேல், முன்னங்கால்களின் மேல் தலையை வைத்துக் கிச்சாப் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"அக்கா," ஸின்யியின் முகம் குறுக்கே வந்தது. "நான் கூப்பிட்டா வெளிய வர மாட்டேங்கிறான். சாப்பாட்டக் காட்டினாலும் வர மாட்டேங்கிறான். ராத்திரி ஆனப்புறம் எப்பவாவது அவனா வர்றான். நீ கூப்பிடு."

"போன அவன்கிட்ட வை." துமினா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "ரெனே," என்றாள். "ரெனே, கிச்சாப்."

காதுகள் நிமிர்ந்தன. தலை உயர்ந்தது. ஆனால் அது போனைப் பார்க்கவில்லை. வாசலின் வலது ஓரத்தை, தாழ் இருந்த இடத்தைப் பார்த்தது. வால் சாரோங்கின் மேல் ஒரு முறை, இரண்டு முறை அடித்தது. அங்கே கை ஏதும் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைத் திரும்பக் கால்களின் மேல் வைத்தது.

"ஸின்யி, அந்தத் தாழத் தொடணும். கையால தொட்டாத்தான் வருவான்."

"தாழே இல்லையே அக்கா. அப்பா கதவத் தூக்கிப் போட்டுட்டார். குப்பை லோரி எடுத்துட்டுப் போயிருச்சு."

"தாழ் இருந்த எடத்துல கைய வை."

குழந்தையின் கை படத்தில் வந்து பிளாஸ்டிக் ஓரத்தைத் தொட்டது. கிச்சாப் அந்தக் கையைப் பார்த்தது. மரியாதையாக ஒரு முறை முகர்ந்தது. எழுந்திருக்கவில்லை.

"உன்னத்தான் பாக்குறான்," என்றாள் ஸின்யி. "நீ எப்போ அக்கா வருவ?"

"ஸின்யி, அக்காவுக்கு வேலை இருக்கும்," என்று மே ஃபோங்கின் குரல் வந்தது. "பழகிடுவான் துமினா. நீ கவலைப்படாத. நீ பழக்கினதாலதான் அவன் இங்க வந்து சேர்ந்தான். அத நாங்க மறக்க மாட்டோம்."

"சரி மேம்," என்றாள் துமினா.

போனை ஜன்னலில் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தாள். அசர் கடந்துகொண்டிருந்தது. பின்கட்டுக்குப் போய் ஒளு செய்தாள். வந்து டின் மூடியைத் திறந்தாள். அந்தச் சத்தத்தைத் தானே கேட்டுவிட்டு மூடினாள். பாயை விரித்து நின்றாள்.

நான்கு ரக்அத்தும் ஒழுங்காக நடந்தன. எதுவும் மறக்கவில்லை. கடைசி அமர்வில் உட்கார்ந்து, ஓத வேண்டியதெல்லாம் ஓதி முடித்தாள். இனி வலப்பக்கம் ஒரு சலாம், இடப்பக்கம் ஒரு சலாம். சொல்லிவிட்டால் தொழுகை முடிந்துவிடும். முடிந்துவிட்டால் எழுந்து போய்த் தாழைத் தொட வேண்டும்.

அதுவரை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உள்ளே அவள் தொழுதுகொண்டிருக்கிறாள், வெளியே அது காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மழை வலுத்தது. அடுத்த அறையில் சிகுவின் மனைவி எண்ணெய் காய்ச்சச் சொல்லி அவளைக் கூப்பிட்டாள். தொழுதுகொண்டிருக்கிறாள், இரு என்று சிகு சொல்வது கேட்டது. துமினா சுட்டுவிரலை முழங்காலின் மேல் நீட்டியபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம் திரும்பவில்லை.